பாட்டு நின்ற பிறகும் நான் விடவில்லை

1. வாளைத் தொடாத வாள்காரன்

மரம் அறுக்கிற மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பெரிய ரம்ப வாள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒரு தேக்குத் தடியை வாளுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவன் சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை கொடுக்கப் போனேன். பின்னாலிருந்து மேனேஜர் போட்ட சத்தத்தில் தடியைத் தள்ளியவர்களே கையை எடுத்துவிட்டார்கள்.

"எடோ! தன்னை ஆரு வாள்கிட்டப் போகச் சொன்னது? ஒரு விரல் போச்சுன்னா பின்னே நான் என்ன செய்யும்? போய் அந்த மரத்தூள் மேல இரியும்."

அவர் கொல்லத்துக்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே பாத்திரத்துச் சோறு.

"அப்பம் எனக்கு என்ன வேலை சார்?"

"தின்னணும். உறங்கணும். நாலு மணிக்குக் கிரவுண்டுல இறங்கி ஆளப் பிடிக்கணும். அது மதி, போதும்."

ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே 'வாள் உதவியாள்' என்று எழுதியிருந்தார்களாம். அந்த மில்லில் இருந்த இத்தனை வருஷத்தில் நான் வாளைத் தொட்டதே கிடையாது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கப் போனால்கூட, "நீரு தள்ளி நில்லும் வே, ஒம்ம கை கம்பெனிச் சொத்துல்லா" என்று கேலி பண்ணுவார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல்தான் இருந்தது. நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு என் பத்து விரலையும் மடக்கிக்கொள்வேன்.

உங்கள் சடுகுடுச் சங்கத்து ஆண்டு மலரில் போட, ஆடுகிற பிள்ளைகளுக்குப் பிரயோஜனமாக என் அனுபவத்தைச் சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். அதனால் நான் சொல்லச் சொல்ல உங்கள் செயலாளர் எழுதுகிறார். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அவருடையது. மற்ற பிழையெல்லாம் என்னுடையது.

2. அட்டை

எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றங்கரையில். நெல் விளைகிற ஊர். ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒரு மரக்கால் விதைப்பாடுகூடக் கிடையாது. எனக்குச் சொந்தமாக இருந்தது, ஆற்றில் சடுகுடு ஆடிவிட்டு வீட்டுக்கு வரும்போது முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிற மணல் மட்டும்தான்.

ஆட்டம் உங்களுக்குத் தெரிந்தது. மலருக்கு விளம்பரம் கொடுத்த கடைக்காரர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஒருவன் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போவான். யாரையாவது தொட்டுவிட்டுப் பாட்டு நிற்பதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். எதிர்ப்பக்கத்துக்காரர்கள் அவனைப் பிடித்துவிட்டால், பாட்டு நிற்கும்வரை அமுக்கி வைக்க வேண்டும். நின்றால் அவன் அவுட். அமுக்கின பிடிக்குள்ளே கிடந்தபடியே, பாட்டோடு கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட்.

நான் பிடிக்கிறவன். பாடிப் போகிற மூச்சு எனக்கு இல்லை. நான் பாடிப் போனால் பாதி வழியில் சிரிப்பு வந்துவிடும். ஆனால் வருகிறவன் கணுக்காலில் ஒரு தடவை விழுந்தேன் என்றால் எழுந்திருக்க மாட்டேன். எத்தனை உதை விழுந்தாலும் சரி. குற்றாலத்து மலையில் சாரல் காலத்தில் காலில் ஏறுமே, அந்த அட்டையின் பெயரையே எனக்கு வைத்தார்கள். என் முகமும் அதற்குத் தோதாகத்தான் இருக்கும்.

பாடுகிறவன் செல்லையா. சிறுசிலிருந்தே நாங்கள் ஒன்றாக மணலில் உருண்டவர்கள். பின்னால் என் தங்கை பேச்சியைக் கட்டினான். "ஒன்னையப் பிடிச்ச தோசத்துக்கு ஒன் தங்கச்சிய எனக்குப் பிடிச்சிட்டு மச்சான்" என்பான்.

அவனும் நானும் சேர்ந்து ஒரு வித்தை பழகி வைத்திருந்தோம். அதற்கு ஊமைப் பாட்டு என்று பெயர். பிடிபட்டு அடியில் கிடக்கும்போது, பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டே போய், உடம்பைச் செத்த பாம்பு மாதிரி தளர்த்திவிடுவான். வெளியே சத்தம் வராது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். 'முடிந்தது' என்று பிடித்தவர்கள் கையை இளக்குவார்கள். இளக்கின அந்த நொடியில் பாட்டைச் சத்தமாக எடுத்துக்கொண்டு ஒரு துள்ளு. கோடு கைக்குள் வந்துவிடும். எத்தனையோ டீம் அந்த வித்தையில் ஏமாந்து போயிருக்கிறது. பழகும்போது அவனைப் பிடித்துக் கிடப்பவன் நான். என் கன்னம் அவன் விலாவில் இருக்கும். ஊமைப் பாட்டு காதுக்குக் கேட்காது. ஆனால் விலாவில் கன்னத்தை வைத்திருந்தால் பல் கூசும். மணி அடித்து ஓய்ந்த பிறகு மணியில் கை வைத்தால் இருக்குமே, அந்த மாதிரி. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த இரகசியம்.

ஒரு கோயில் கொடைக்கு நாங்கள் ஆடியதை மில் டீம் கேப்டன் சவரிமுத்து வந்து பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். தங்குவதற்கு வீடு, சாப்பாடு, சம்பளம். செல்லையாவுக்கு அப்பன் விட்டுப் போன வயல் இருந்தது. "நான் வரல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டான். நான் அவர் கேட்டு முடிக்கும் முன்பே தலையை ஆட்டிவிட்டேன்.

எங்கள் ஊர் டீமுக்குத் தலைவர் சுப்பையா அண்ணாச்சி. நெல் மண்டி வைத்திருந்தார். ஊருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கூலிக்கு ஆடுகிறவன் ஊர் மணலில் கால் வைக்கக் கூடாது. கொடைக்கு நடக்கிற ஆட்டத்தில் கோட்டுக்குப் பக்கத்தில்கூட நிற்கக் கூடாது.

"ஏலே, இது சாமிக்கு ஆடுத ஆட்டம். துட்டுக்கு ஆடணும்னா கூத்துல போயி ஆடு" என்றார்.

"கூத்துல ஆடுததுக்கு மூஞ்சி வேணும்லா அண்ணாச்சி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இனிமே இங்கன வராத" என்றார். நான் அதையும் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த கொடைக்கு வந்தேன். கூடப் பிறந்தவர்கள் மாதிரி பழகினவர்கள் நாலு பேர் என்னைக் கோட்டுப் பக்கம் வரவிடாமல் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குத்தான் அது வேடிக்கை இல்லை என்று என் மரமண்டைக்கு ஏறியது.

3. முட்டி

மில்லில் முதல் நாலைந்து வருஷம் நன்றாகத்தான் போனது. மரம் ஏற்றி வந்த லாரியிலேயே எங்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். வீரகேரளம்புதூர், கடையநல்லூர், புளியறை தாண்டி அந்தப் பக்கம் என்று போகாத இடம் இல்லை. புளியறை செக்போஸ்ட்டில், "என்ன லோடு?" என்று கேட்பார்கள். டிரைவர், "ஏழு மாடு சார்" என்பான். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் நான் தலையை நீட்டி "ம்மா" என்று கத்தினேன். கேட்டில் நின்ற போலீஸ்காரர் சிரிக்கவில்லை. இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார்.

ஒரு கடையநல்லூர் ஆட்டத்தில் என் வலது முட்டி திரும்பியது. பச்சைக் கமுகை முறிக்கிற சத்தம் கேட்டது. எதிராளிக்குத்தான் எலும்பு போய்விட்டது என்று நினைத்து நான் அவனுக்காக வருத்தப்பட்டேன். எழுந்திருக்கப் பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

மில்லில் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே மில் கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். எனக்கு முன்னால் தோள் போன ஒருவனுக்கு அப்படித்தான் நடந்தது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிற ஒருவரிடம் போய்க் காலை நீட்டினேன். அவர் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே நீரு கீழ விழுந்து ஆளப் பிடிக்காதேயும். நின்னுக்கிட்டே பிடிக்க மாதிரி ஆட்டம் இருந்தா ஆடும்" என்றார். ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகச் சொல்லவில்லை. எண்ணெயைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு கணுக்கால் பிடியை விட்டுவிட்டு இடுப்புப் பிடிக்கு மாறினேன். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி, கன்னத்தை விலாவில் வைத்துத் தொங்கிவிடுவேன். என் கனம் முழுக்க அவன் மேல். முட்டிக்கு வேலை இல்லை. வேடிக்கை பார்ப்பவர்கள், "அட்ட மேல ஏறிட்டுலே!" என்று கத்துவார்கள். ஆட்டத்தை மாற்றியதாக என்னைப் புகழ்ந்தார்கள். நொண்டி மாற்றின ஆட்டம் அது.

மேனேஜருக்குக் கண் கூர்மை. ஒரு நாள் மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"எடோ, தான் நொண்டுதா?"

"இல்ல சார். இது ஒரு ஸ்டைலு."

அவர் சிரிக்கவில்லை. "ஞான் முதலாளியிட்டச் சொல்லல. இந்த சீசன்ல குற்றாலம் ஷீல்டு வந்தா, கேட் வாட்ச்மேன் வேலை ஒழிவிருக்கு. தன்னைப் பெர்மனன்ட் ஆக்கும். வந்தில்லெங்கில்..." என்று லைன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, அந்தக் கையையே ரோட்டுப் பக்கம் திருப்பினார்.

ரோடு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் போகிறது. ஊரில் எனக்கு மணலும் கிடையாது, மண்ணும் கிடையாது. முப்பது வயசுக்கு மேல் ஆகியிருந்தது. ஆளைப் பிடிப்பதைத் தவிர வேறொரு தொழில் தெரியாது. வாளுக்குப் பக்கத்தில் என்னை விட்டிருந்தாலாவது ஒரு தொழில் படிந்திருக்கும்.

4. சாரல் ஷீல்டு

அந்த வருஷம் சாரல் ஓயவில்லை. கிட்டே நெருங்க முடியாதபடி அருவியில் தண்ணீர் விழுந்தது. ஷீல்டு ஆட்டத்துக்குக் கிரவுண்டு, அருவிக்குப் போகிற பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில். பைனலில் எங்களை எதிர்த்து வந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுப்பையா அண்ணாச்சி புதுத் துண்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

காலையில் செல்லையா என்னைத் தேடிக்கொண்டு டீக்கடைக்கு வந்தான். தலையெல்லாம் சாரல்.

"மச்சான், முட்டி எப்பிடி இருக்கு?"

"எந்த முட்டி?"

"என்கிட்டயே சாமர்த்தியம் பண்ணாதலே. போன வாரம் பாத்தேன். நீ விழ மாட்டேங்க. இடுப்பக் கட்டித் தொங்குத. பேச்சி சொல்லி விட்டா, எங்க அண்ணன் காலப் பாத்து ஆடுங்கன்னு."

"அவகிட்டச் சொல்லு, நான் ஒன் கழுத்தக் கட்டித் தொங்கினாலும் அவ தாலிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு."

இதை நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். செல்லையாவும் சிரித்தான். டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, குரலைக் குறைத்தான்.

"அண்ணாச்சிகிட்டப் பேசிட்டேன். நீ மில்ல விட்டுட்டு வந்தேன்னா, ஆவணிக் கொடைக்கு மணல்ல ஆடலாம்னுட்டாரு. நம்ம வயல்ல ரெண்டு பேரும் சேந்து பாப்போம். என்ன சொல்லுத?"

"நொண்டி மாட்ட எவன்டா ஏர்ல பூட்டுவான்?"

"கேலி பண்ணாத மச்சான். சொல்லு."

 கேட் வாட்ச்மேன் வேலை நாளைக்குக் கிடைத்துவிடும் என்ற நினைப்பு. காக்கிச் சட்டை, ஒரு ஸ்டூல், கூரை. "மொதல்ல என் பிடியில இருந்து தப்பிச்சுப் போ. பொறவு பேசுவோம்" என்று அவன் முதுகில் தட்டினேன்.

ரெப்ரி ஒரு டிரில் மாஸ்டர், வெளியூர்க்காரர். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கேப்டனையும் கூப்பிட்டு, எங்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தண்ணிச் சத்தத்துல எனக்குப் பாட்டு கேக்காது. பாடுதவன் வாய்ப்பக்கம் குனிஞ்சு கேட்டுத்தான் விசில் ஊதுவேன். விசில் வருதுக்கு முந்தி கைய விட்டுட்டு, பொறவு என்கிட்ட வந்து ஞாயம் பேசக் கூடாது. ஆமா."

சவரிமுத்து எங்களைச் சுற்றி நிறுத்தி அதையே இன்னொரு தடவை சொன்னார். "எல, விசில் வருத வரைக்கும் எவனும் விடக் கூடாது. செல்லையா ஊமப் பாட்டுக்காரன். ஒங்களுக்கே தெரியும்."

என்னைப் பார்த்துத்தான் கடைசி வார்த்தையைச் சொன்னார்.

ஆட்டம் முழுக்கச் சமமாகவே போனது. கிரவுண்டு சேறாகிவிட்டது. கடைசிப் பாட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் நின்றோம். பாட வந்தவன் செல்லையா. தொட்டுவிட்டுத் தப்பித்தால் ஷீல்டு அவர்களுக்கு. பிடித்துவிட்டால் எங்களுக்கு.

அவன் நேராக என்னிடம்தான் வந்தான். என் முட்டியைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கமாகவே வந்தான். அது ஆட்டம், நானாக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன். என் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டினேன். என்னையும் இழுத்துக்கொண்டு நாலு எட்டு போனான். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது சேற்றில் குப்புற விழுந்தான். அவன் மேல் நான். என் மேல் சவரிமுத்து. அவர் மேல் இன்னும் நாலு பேர். விழுந்தபோது அவன் தலை நெஞ்சுக்கு அடியில் மடங்கியது. மடங்கினதை நான் அப்போது பார்க்கவில்லை. என் கன்னம் அவன் விலாவில் இருந்தது.

பல் கூசியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. 'ஊமப் பாட்டு போடுதான், மாப்ள நம்மகிட்டயே போடுதான்' என்று நினைத்தேன். கைகளை இறுக்கிக்கொண்டேன்.

பிறகு பல் கூசுவது நின்றது.

இதைச் சொன்னதும் செயலாளர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதும் ஐயா. நின்றது. அது ஊமைப் பாட்டு இல்லை. ஊமைப் பாட்டு எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் நான். அந்த விலாவுக்குள் ஒன்றும் ஓடவில்லை. எனக்குத் தெரிந்தது. சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"பாட்டு நின்னுட்டு, எந்திரிங்கலே" என்று ஒரு வார்த்தை நான் கத்தியிருக்கலாம். ரெப்ரி முழங்காலில் விழுந்து, குவியலுக்கு அடியில் அவன் வாய் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். வாய் சேற்றுக்குள் இருந்தது. கேட் வாட்ச்மேன் வேலைக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. 'ஒருவேளை புதுசாக ஏதாவது வித்தை பழகியிருப்பானோ' என்று என்னிடமே நான் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு வித்தை கிடையாது என்றும் தெரியும். தெரிந்துகொண்டே இன்னும் இறுக்கினேன். என் பெயர் அட்டை இல்லையா.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம். விசில் வந்தது.

என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மேலேயிருந்து பார்த்தபோதுதான் அவன் எழுந்திருக்கவில்லை என்பது தெரிந்தது. சுப்பையா அண்ணாச்சி துண்டை எறிந்துவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார். என்னைத் தூக்கினவர்கள் அதைப் பார்க்காமல் கிரவுண்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். "எறக்குங்கலே, எறக்குங்கலே" என்று நான் கத்தினேன். சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

5. கேட்

தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கழுத்தெலும்பு. அங்கே டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, "விழுந்த அடியில பாதி. அதுக்கு மேல அமுக்கினதுல பாதி. எவ்வளவு நேரம் அமுக்கி வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

சவரிமுத்து, "விசில் வருத வரைக்கும் சார்" என்றார். சுப்பையா அண்ணாச்சியும், "ஆமா டாக்டர், அது சட்டம். விசில் வருத வரைக்கும் விடக் கூடாது" என்றார். ஊர்க்காரர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

என்னை யாருமே குற்றம் சொல்லவில்லை. இதைத்தான் என்னால் இன்றைக்கு வரைக்கும் தாங்க முடியவில்லை. அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "நீ என்னலே செய்வ, ரெப்ரிக்குக் கேக்கல" என்றார். கட்டுப்பாட்டைக்கூட எடுத்துவிட்டார்கள். 'பாவம், தங்கச்சி வீட்டுக்கு வந்து போகட்டும்' என்று. ஊர் மணலில் நான் கால் வைத்தது, செல்லையாவைக் கட்டிலோடு ஆற்றங்கரை வழியாகத் தூக்கி வந்தபோதுதான். கட்டிலின் முன் காலை நான் பிடித்திருந்தேன்.

அந்த மாதமே காக்கிச் சட்டை வந்தது. மேனேஜர் சொன்ன சொல் தவறாதவர். ஷீல்டை முதலாளி ஆபீஸ் ரூமில் மாட்டினார்கள். கேட்டில் எனக்கு ஸ்டூல் போட்டார்கள். நான் பெர்மனன்ட்.

செல்லையாவுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யவில்லை. அப்படியே ஐந்து வருஷம் கிடந்தான். பேச்சி வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டாள். புரட்டிப் போட ஆள் வேண்டும் என்று வாராவாரம் வெள்ளிக்கிழமை நான் போவேன். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்குவேன். அந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

இரண்டாம் வருஷமோ என்னமோ, ஒரு மத்தியானம் பேச்சி ஆற்றுக்குப் போயிருந்தாள். அவன் கேட்டான்.

"மச்சான், ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லணும்."

"கேளு மாப்ள."

"அன்னைக்கு நான் பாடலங்குறது ஒனக்குத் தெரிஞ்சுதா?"

வேடிக்கையாக எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் வரவில்லை.

"தெரியல மாப்ள. ஊமப் பாட்டுன்னு நெனச்சேன்."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு மெதுவாக அவன் முகம் மலர்ந்தது. இரண்டு வருஷத்தில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"பாட்டு நின்னது ஒன் பல்லுக்கே தெரியலயா? அப்பம் என் ஊமப் பாட்டு அவ்ளோ நல்லாவா இருந்துச்சு? ஒன்னையவே ஏமாத்திட்டேன் பாத்தியா!"

"ஆமா மாப்ள. ஏமாத்திட்ட."

பேச்சி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். வாசலில் அவள் காலை வைக்கும் முன்பே, "ஏட்டி பேச்சி, ஒங்கண்ணன் ஒத்துக்கிட்டாம்ட்டி! அவனையே ஏமாத்திட்டேனாம்!" என்று கத்தினான். பேச்சி என்னைப் பார்த்தாள். "அப்படியாண்ணே?" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னான். சுப்பையா அண்ணாச்சியிடம் சொன்னான். சவரிமுத்து பார்க்க வந்தபோது அவரிடம் சொன்னான். அவனுக்கு மிச்சமிருந்த ஒரே பெருமை அதுதான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஆமா, ஆமா" என்று ஒத்துப் பாடினேன். போன தையில் அவன் இறந்தான். இறந்த வீட்டில்கூட ஊர்க்காரர்கள் அதைச் சொல்லித்தான் அழுதார்கள். அட்டையையே ஏமாற்றின மூச்சு போய்விட்டது என்று.

6. பிள்ளைகளுக்குச் சொல்வது

இப்போதும் மில் கேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு ரெப்ரி இருக்கிறார், விசில் இருக்கிறது, சட்டப் புத்தகமும் அச்சாகிவிட்டது என்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் பிடிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஆளைப் பிடிக்கிறவனுக்கு ரெப்ரிக்கு முன்பே தெரியும். அவன் கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியும், பல்லுக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் விட்டுவிடுங்கள். விசிலுக்குக் காத்திருக்காதீர்கள். தோற்றுப் போனால் போகிறது. நான் ஜெயித்தவன். என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலாளரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். மலர் அச்சானதும் எங்கள் ஊருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், பேச்சி பெயருக்கு. அவள் எட்டாம் கிளாஸ் வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமலே வாசிப்பாள். "நீரே நேர்ல போயிச் சொல்லிருமே வே" என்கிறார் செயலாளர். ஐந்து வருஷம் வாராவாரம் போனவன், அவன் போன பிறகும் போகிறவன்தானே நான். வாயைத் திறந்தால் வேடிக்கைதான் வருகிறது.

ஏட்டி பேச்சி, உன் புருஷன் என்னை ஏமாற்றவில்லை. அவன் பாட்டு நின்றது எனக்குத் தெரியும்.

இதை நீ வாசித்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை நான் வழக்கம் போல வருவேன். உள்ளே வரச் சொன்னால் வருகிறேன். கதவைச் சாத்தினால் வாசலிலேயே நிற்கிறேன். வாசலில் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.